ஸ்கலோனி மாற்றியதும் மாற்றாததும்

ஒரு பயிற்சியாளருக்குத் தனக்கென்று ஓர் ஆட்டமுறை இருக்க வேண்டும், எதிரே யார் வந்தாலும் அதிலிருந்து அவர் நகரக் கூடாது என்ற எண்ணம் ஐரோப்பியக் கால்பந்தில் வேரூன்றியிருக்கிறது. மூன்று சென்டர் பேக்குகள் கொண்ட 3-4-3 அமைப்பை வைத்து ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணிக்கு இரண்டு முறை போர்ச்சுகல் லீக் பட்டத்தை வென்று தந்தவர் ரூபன் அமோரிம். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோதும் அதையே கையோடு கொண்டுவந்தார். அங்கிருந்த வீரர்கள் வேறு முறைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். அந்த பிரீமியர் லீக் சீசனை யுனைடெட் 15-வது இடத்தில் முடித்தது. இதைக் கொள்கை உறுதி என்று பாராட்டுவோர் உண்டு. கையில் இருக்கும் வீரர்களையும் எதிரே நிற்கும் அணியையும் பாராத உறுதியை நான் பிடிவாதம் என்றே சொல்வேன். 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி செய்தது இதற்கு நேர் எதிரானது.

36 ஆட்டங்கள் தோற்காமல் கத்தாருக்கு வந்த அர்ஜென்டினா, முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் 1-2 என்று வீழ்ந்தது. வேறொருவராக இருந்தால் தற்செயல் என்று ஒதுக்கிவிட்டு அதே அணியை மீண்டும் இறக்கியிருப்பார். ஸ்கலோனி அடுத்து மெக்சிகோவுக்கு எதிராக ஐந்து பேரை மாற்றினார். 2021-இல் கோபா அமெரிக்கா வென்ற அணியின் நடுக்களத் தூணான பரேடஸ் பெஞ்சுக்குப் போனார். போலந்து ஆட்டத்தில் லாட்டாரோ மார்ட்டினஸும் வெளியே அமர, 21 வயது என்ஸோ பெர்னாண்டஸும் 22 வயது ஹுலியன் அல்வாரஸும் உள்ளே வந்தார்கள். பட்டம் வென்று தந்தவர்களை உலகக் கோப்பையின் நடுவில் உட்காரவைக்க, வியூக அறிவைவிட நெஞ்சுரம்தான் அதிகம் வேண்டும்.

காலிறுதியில்தான் அவருடைய கணக்கு துல்லியமாகத் தெரிந்தது. பயிற்சியாளர் வான் ஹாலின் நெதர்லாந்து அதற்கு முந்தைய சுற்றில் அமெரிக்காவை 3-1 என்று வென்றிருந்தது. அந்த மூன்று கோல்களிலுமே விங் பேக்குகளான டம்ஃப்ரீஸ், பிளிண்ட் இருவரில் ஒருவராவது பங்கு பெற்றிருந்தார். ஸ்கலோனி 5-3-2-க்கு மாறினார். லிசாண்ட்ரோ மார்ட்டினஸை மூன்றாவது சென்டர் பேக்காக நிறுத்தியதால், விங் பேக்குகள் மொலினாவும் அகுன்யாவும் பின்னால் விடப்படும் இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முன்னேற முடிந்தது. தடுப்பதற்காகப் போட்ட அமைப்பு போலத் தெரிந்தாலும் கோல்கள் அதிலிருந்தே பிறந்தன. மெஸ்ஸியின் பாஸை வாங்கி முதல் கோலை அடித்தவர் மொலினா. இரண்டாவது கோலுக்கான பெனால்டி, அகுன்யாவை டம்ஃப்ரீஸ் வீழ்த்தியதால் கிடைத்தது.

அரையிறுதியில் மோட்ரிச், புரோசோவிச், கோவாசிச் மூவரும் ஆளும் குரோஷிய நடுக்களத்துக்கு எதிராக நான்கு நடுக்கள வீரர்கள் இறங்கினார்கள். பரேடஸ் தொடக்க அணிக்குத் திரும்பி வந்தது அப்போதுதான். முடிவு 3-0.

இறுதி ஆட்டத்தில் இன்னொரு திருப்பம். வழக்கமாக வலப்பக்கம் ஆடும் டி மரியாவை இடப்பக்கம் அனுப்பினார். பிரான்ஸின் அந்தப் பக்கத்தில் நின்ற கூண்டே அடிப்படையில் ஒரு சென்டர் பேக். அவருக்கு முன்னால் நின்ற டெம்பலேயோ தற்காப்புக்குப் பெயர் போனவர் அல்லர். டி மரியாவை டெம்பலே வீழ்த்திக் கொடுத்த பெனால்டியில் முதல் கோல். இரண்டாவதை டி மரியாவே அடித்தார். முதல் பாதியில் பிரான்ஸ் கோலை நோக்கி ஒரு முறைகூட உதைக்கவில்லை. இடைவேளைக்கு முன்பே பிரான்ஸ் பயிற்சியாளர் தேஷாம்ப் இருவரை மாற்ற நேர்ந்தது.

ஆனால் ஸ்கலோனியின் எல்லா முடிவுகளும் பலித்துவிடவில்லை. 64-வது நிமிடத்தில் டி மரியாவை எடுத்துவிட்டு அகுன்யாவை இறக்கியது, என் பார்வையில், தவறு. எதிரணி அஞ்சிக்கொண்டிருந்த ஒரே பக்கம் அத்துடன் அடங்கியது. 80, 81-வது நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைச் சமனாக்கினார். நெதர்லாந்துக்கு எதிராகவும் இதே போல 2-0 என்ற முன்னிலை கரைந்துபோயிருந்தது. முன்னிலை பெற்றதும் பின்வாங்குவது ஸ்கலோனியின் பலவீனம். இரண்டு ஆட்டங்களிலும் ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினஸ்தான் காப்பாற்றினார்.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவே ஸ்கலோனி தொடாத ஒன்று இருந்தது. போலந்து ஆட்டம் முதல் இறுதிவரை டி பால், என்ஸோ, மெக்அலிஸ்டர் மூவரும் எல்லா ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே களமிறங்கினார்கள். 35 வயது மெஸ்ஸி பந்து இல்லாத நேரத்தில் நடந்துகொண்டிருக்கலாம். அவருக்கும் சேர்த்து ஓடுவது இவர்கள் வேலை. 5-3-2, 4-4-2, 4-3-3 என்று தாளில் எண்கள் மாறினாலும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஸ்கலோனியின் தத்துவம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். எதிரணிக்கு ஏற்ப மாறுபவரைக் கொள்கையற்றவர் என்று எழுதும் விமர்சகர்கள் இந்த மூவரைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

பெஞ்சில் உட்காரவைத்தவர்களை அவர் கைவிடவும் இல்லை. 2024 கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம் கொலம்பியாவுக்கு எதிராகக் கோலின்றிக் கூடுதல் நேரத்துக்குப் போனபோது, 97-வது நிமிடத்தில் மூவரை ஒன்றாக இறக்கினார்: பரேடஸ், காயத்தால் உலகக் கோப்பையைத் தவறவிட்டிருந்த லோ செல்சோ, லாட்டாரோ. 112-வது நிமிடத்தில் பரேடஸ் பந்தைப் பறித்தார், லோ செல்சோ பாஸ் கொடுத்தார், லாட்டாரோ கோல் அடித்தார். அர்ஜென்டினா 1-0 என்று வென்றது.