வங்காலைக்கு ஒரு காலை நடை



நானும் எத்தனையோ மைல் நடந்திருக்கிறேன். இடம்பெயர்ந்து நடந்தேன். நிவாரண வரிசைக்கு நடந்தேன். பதிவுக்கும் விசாரணைக்கும் நடந்தேன். ஆனால் சும்மா பார்ப்பதற்காக நடந்ததில்லை. சென்ற தை மாதந்தான் மகளையும் எட்டு வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு முதன்முதலாக அப்படி ஒரு நடை போனேன்.

போன இடம் மன்னார், வங்காலை. இலங்கையில் மிகக் குறைவாக மழை பெறும் பிரதேசங்களில் மன்னாரும் ஒன்று. மணலும் உப்புத்தரையும் உடைமரங்களுமாகப் பாலைநிலம் போலவே கிடக்கும். ஆனால் மாரி மழைக்குப் பிறகு அந்தத் தரவைகளில் ஆழமில்லாத நீர் தேங்கும். அதைத் தேடித்தான் ஆயிரக்கணக்கில் பறவைகள் வருகின்றன. வங்காலை 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது.

ஏறவோ இறங்கவோ ஒன்றுமில்லாத சமதரை. சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் ஆறுதலாக நடக்கலாம். தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றை அரித்து உண்டன. உண்ணும் பாசியாலும் சிறு இறாலாலுந்தான் அவற்றுக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் வருகிறதாம். ஊசிவால் வாத்துகள், நெடுங்கால் உள்ளான்கள், ஆலாக்கள் எல்லாம் கண்டோம்.

2021 இல் ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்துக்குச் சிறு கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். அது ருஷ்யாவின் வடதுருவப் பக்கம் வரை போய், மறு பருவத்தில் மன்னாருக்கே திரும்பி வந்தது. இதைச் சொன்னபோது பேத்தி, "அதுக்கு வழி ஆர் அம்மம்மா சொன்னது?" என்று கேட்டாள்.

பூநாரைகளைக் கிட்டப் பார்க்க அவள் ஓடினாள். "பாதையை விட்டு இறங்காதே!" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. மீள்குடியேறிய காலத்தில் மிதிவெடிக்குப் பயந்து அவளது தாய்க்கு நான் சொன்ன அதே வார்த்தை. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேத்தியிடம் மெதுவாகச் சொன்னாள்: "கிட்டப் போனால் அதுகள் பயந்து பறந்துவிடும். தூரப் பயணத்துக்குச் சேர்த்த பலம் வீணாகிவிடும்."

பேத்தி அசையாமல் நின்றாள். பறவைகளும் நின்றன.

நீங்களும் போவதானால் சில விடயங்கள்:

கார்த்திகை முதல் பங்குனி வரை நல்ல காலம். விடிந்ததும் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். வீதியோரம் நடக்கும்போது பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பழகிய பாதையிலேயே நில்லுங்கள். இனந்தெரியாத இரும்புப் பொருள் ஏதும் கண்டால் தொடவேண்டாம், உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள். பொலித்தீனை அங்கே போடாதீர்கள்.

செலவு பஸ் காசும் ஒரு பார்சல் சாப்பாடுந்தான். வீட்டு வேலை ஒருநாளும் முடியாது, சகோதரிகளே. ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். போய்வந்து நீங்கள் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள்.