வேன் வீடு: வாடகை மிச்சம், முகவரி எங்கே?

வேனுக்குள் ஒரு மெத்தை, ஒரு சின்ன அடுப்பு, கூரைமேல் சோலார் தகடு. மாத வாடகை இல்லை, வீட்டுக்காரர் தொல்லை இல்லை. சமூக ஊடகங்களில் இப்படிப்பட்ட காணொளிகளைப் பார்க்கும்போது, 'நாமும் இப்படி வாழ்ந்தால் என்ன?' என்று பல மாணவர்களுக்குத் தோன்றுகிறது. பிடிபிடிஎன் கடன் கைக்கு வந்த வேகத்திலேயே வாடகைக்கும் முன்பணத்துக்கும் மின்கட்டணத்துக்கும் கரைந்துபோவதை அறிந்த நமக்கு இது வெறும் சாகசக் கனவு அல்ல. பணக் கணக்கு. ஆகவே கணக்காகவே பார்ப்போம்.

ஓர் அறையின் வாடகை மாதம் 400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளில் 19,200 ரிங்கிட். அந்தப் பணத்தில் ஒரு பழைய வேனையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. ஆனால், செலவு வேனின் விலையோடு நிற்பதில்லை. சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல், டயர், பழுதுபார்ப்பு என்று அது தொடரும். வாகனத்தின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வேண்டும். வாடகையை மாதாமாதம் கொடுத்தால் போதும். வேனுக்கோ முதலிலேயே பெருந்தொகை வேண்டும். தவணையில் வாங்கினால் வட்டியும் சேரும். இத்தனைக்கும் பிறகு, ஆண்டுக்கு ஆண்டு விலை குறையும் ஒரு பொருள்தான் நம் கையில் இருக்கும். ஒரு தரை வீட்டை நான்கைந்து நண்பர்கள் பகிர்ந்துகொள்வதோடு ஒப்பிட்டால், மிச்சம் என்று நாம் நினைத்தது பெரும்பாலும் மறைந்துவிடும்.

'ஆனாலும் சிலர் சாதித்திருக்கிறார்களே?' என்று கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்த கென் இல்குனாஸ், 2009-இல் 1,500 டாலருக்கு ஒரு பழைய ஃபோர்டு வேனை வாங்கி அதில் தங்கிப் படித்தார். 2011-இல் கடன் இல்லாமல் படிப்பை முடித்தார். அந்த அனுபவத்தை 2013-இல் நூலாகவும் எழுதினார். ஆனால், அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைக் கவனியுங்கள். குளித்தது வளாகத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில். படித்ததும் மின்கருவிகளுக்கு மின்னூட்டம் செய்ததும் நூலகத்தில். வேன் நின்றது வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில். ஆக, வேன் அவருக்குப் படுக்கையறை மட்டுமே. வீட்டின் மற்ற பகுதிகளைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. அதோடு, படிப்பு முடிந்தால் வேன் வாழ்க்கையும் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த முடிவுத் தேதி இல்லாதவர்களின் கதை வேறு. 2008 பொருளாதார நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, முதிய வயதில் வாகனங்களில் குடியேறிய அமெரிக்கர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017-இல் 'நோமேட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். அதைத் தழுவிய திரைப்படம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அமேசான் கிடங்கில் சில மாதம், சர்க்கரை பீட் கிழங்கு அறுவடையில் சில வாரம், முகாம் மைதானத்தில் சில காலம் என்று வேலை இருக்கும் இடத்துக்கெல்லாம் அவர்கள் வண்டியை ஓட்டினார்கள். காணொளிகளில் சுதந்திரமாகத் தெரியும் அதே வாழ்க்கை, வேறு வழியில்லாதவர்களுக்கு அலைச்சலாகிவிடுகிறது.

இனி நம் மலாக்காவுக்கு வருவோம். டுரியான் துங்கலிலோ ஆயர் குரோவிலோ படிக்கும் ஒருவர் இரவில் வேனை எங்கே நிறுத்துவார்? ஆயர் குரோ நெடுஞ்சாலை ஓய்வுத்தளத்தில் கழிப்பறையும் உணவும் உண்டு. ஆனால், அது பயணிகள் இளைப்பாறும் இடம், குடியிருப்பு அல்ல. பந்தாய் புத்ரி, தஞ்சோங் பிடாரா போன்ற கடற்கரைகள் வார இறுதிக்கு இனிமையானவை. தேர்வுக் காலத்துக்குப் பொருந்துமா? நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய வாகனத்துக்குள் தூங்குவது எளிதல்ல. குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்குவதோ உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் நாட்டிலேயே இப்படிக் காருக்குள் தூங்கி உயிரிழந்த இளையோர் உண்டு. தனியாகத் தங்கும் மாணவிகளின் பாதுகாப்பைப் பற்றித் தனியே சொல்லவும் வேண்டுமா?

இவை எல்லாவற்றையும் சமாளித்துவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சும். தலைக்குமேல் கூரை இருந்தால் மட்டும் அது வீடாகிவிடுமா? இதற்கு நம் குடும்பங்களின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்து லயத்தில் வாடகையில்லாமல்தான் குடியிருந்தார்கள். ஆனால், அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தன. அதைக் கண்டுதான் துன் வீ.தி.சம்பந்தன், தொழிலாளர்களின் சிறு பங்குகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். 1990-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், தொழிலாளர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது; அது யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. தெரெண்டாக் இராணுவ முகாமை ஒட்டியிருக்கும் சுங்கை ஊடாங்கில், வேலையோடு வரும் வீடு எத்தகையது என்று தோட்டக் குடும்பங்களைப் போலவே இராணுவக் குடும்பங்களுக்கும் தெரியும். ஓய்வு பெறும் நாளுக்குமுன் சொந்த வீடு தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

லயத்தில் இருந்தவர்களுக்குக் கூரை இருந்தது, உரிமை இல்லை. வேனில் வாழ்பவருக்கு வண்டி சொந்தம், ஆனால் அதை நிறுத்தும் மண் சொந்தமில்லை. இரண்டிலும் 'கிளம்பு' என்று ஒருவர் சொன்னால் கிளம்பத்தான் வேண்டும்.

முகவரி என்பது சின்ன விஷயமும் அல்ல. குடியிருப்பு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் தெரிவிக்க வேண்டும். 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். எந்தத் தொகுதியில் என்பதை அடையாள அட்டையில் உள்ள முகவரிதான் தீர்மானிக்கிறது. உதவித்தொகை விண்ணப்பமோ வங்கிக் கடிதமோ வேன் எண்ணுக்கு வந்து சேராது. அடையாள அட்டை இல்லாமலும் பிறப்புப் பத்திரம் இல்லாமலும் நம் சமூகத்தில் பலர் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆவணத்தில் நிற்கும் ஒரு முகவரியை அலட்சியமாக விட்டுவிட நம்மால் முடியாது.

அதற்காக, வேன் வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பவர்களைக் கேலி செய்வதில் பயனில்லை. வாடகை சுமையாக இருப்பதால்தான் இந்த எண்ணமே வருகிறது. அந்தச் சுமையைப் பற்றி நாம் உரக்கப் பேச வேண்டும். எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் தங்கும் விடுதியில் இடம் வேண்டும் என்று மாணவர் பிரதிநிதித்துவ மன்றத்தின் வழியாகக் கேட்போம். வாடகை வீட்டைப் பகிரும்போது ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குவோம். வேலைக்குச் சேர்ந்ததும் ஊழியர் சேமநிதியைக் கவனிப்போம். 2024 மே முதல் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் சந்தாவில் 15 விழுக்காடு 'செஜாத்ரா' கணக்கில் சேர்கிறது. அதிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். புதிய கைத்தொலைபேசிக்காக மற்றக் கணக்கைத் துடைத்தெடுக்கும் நண்பர்கள், இந்தக் கணக்கையாவது நினைவில் வைத்திருப்பது நல்லது.

விடுமுறையில் நண்பர்களோடு வேனில் ஊர் சுற்றுங்கள், தவறே இல்லை. ஆனால், மூன்று தலைமுறையாக அடுத்தவர் மண்ணில் குடியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். நம் சேமிப்பு போய்ச் சேர வேண்டிய இடம் நான்கு சக்கரம் அல்ல. நம் பெயரில் பதிவான ஒரு துண்டு நிலம், அல்லது அடுக்குமாடியில் ஒரு சிறு வீடு.