சாக்கடை கட்டுவது நகராட்சியா, காண்ட்ராக்டரா?

விருத்தாசலம்:

தெருமுனையில் ஒரு லோடு ஜல்லி வந்து இறங்கினால் போதும். கடை வாசலில் பேச்சு கிளம்பி விடும். "நடுவுலே காண்ட்ராக்டர் எதுக்கு? நகராட்சியே ஆள் வச்சுக் கட்டினா காசு மிச்சம்தானே!"

நியாயமான கேள்விதான். கடைத்தெரு வியாபாரியும், பீங்கான் தொழிற்பேட்டையில் உலை வைத்திருப்பவரும் கட்டுகிற வரிப்பணம் அல்லவா அது?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. அதன் விதிகள் 2000-ல் வந்தன. நகராட்சிகளும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவைதான். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் போட 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் போனால் 30 நாள். பேரம் பேசுவதென்றால் குறைந்த தொகை கேட்டவரிடம் மட்டுமே பேசலாம். வெள்ளம், புயல் போன்ற அவசரத்துக்கு விலக்கு உண்டு.

நகராட்சியே வேலையை எடுத்துச் செய்தாலும் தப்பிக்க முடியாது. சிமெண்ட், கம்பி வாங்கவும் இதே சட்டம்தான்!

லாபமா? நஷ்டமா?

சொந்தமாகக் கட்டினால் காண்ட்ராக்டரின் லாபம் மிச்சம். உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி நேரே போய்ச் சேரும். 2005-ல் வந்த மகாத்மா காந்தி வேலை உறுதிச் சட்டம், காண்ட்ராக்டரே கூடாது என்று அடித்துச் சொன்னது இதனால்தான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

காண்ட்ராக்டர் கட்டினால், என்ஜினீயர் அளந்து எம்.புக்கில் எழுதுவார். அதைப் பார்த்துத்தான் பில் பாஸ் ஆகும். ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்குள் சுவர் வெடித்தால் அவர் செலவிலேயே சரி செய்ய வைக்கலாம். அவர் கட்டிய டெபாசிட் பணம் கையில் இருக்கும்.

நகராட்சியே கட்டினால்? கட்டுவதும் அதே ஆபீஸ், அளப்பதும் அதே ஆபீஸ்! சுவர் வெடித்தால் யாரிடம் போய்க் கேட்பது? மறுபடியும் வரிப்பணம்தான்.

கேரளாவில் நடந்தது

கேரளாவில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியது. காண்ட்ராக்டரை ஒதுக்கிவிட்டு, பயனாளிகளின் கமிட்டியிடமே வேலையைக் கொடுத்தார்கள். ஊர் கூடி நின்று பார்த்த இடங்களில் வேலை சுத்தமாக நடந்தது. பல இடங்களில் கமிட்டிக்குள்ளேயே பினாமி காண்ட்ராக்டர் புகுந்து விட்டார்! பெயர்தான் மாறியது, ஆள் மாறவில்லை.

பார்க்க ஆள் வேண்டும்

ஆக, யார் கட்டுவது என்பது இரண்டாம் பட்சம். யார் பார்ப்பது என்பதுதான் முக்கியம்.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகள் ஆட்சி! வார்டில் கேள்வி கேட்கக் கவுன்சிலர் இல்லை. 2022-ல்தான் வார்டு கமிட்டி, ஏரியா சபை விதிகளும் வந்தன.

இப்போது சபை இருக்கிறது. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. எஸ்டிமேட் எவ்வளவு, எத்தனை மீட்டர், எம்.புக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று மனுப் போட்டுக் கேட்கலாம். நகல் கையில் வந்ததும் டேப்பைப் பிடித்துச் சாக்கடையை அளந்து பார்க்கலாம்.

உலையிலிருந்து வரும் கோப்பையைத் தட்டிப் பார்த்தே விரிசலைக் கண்டுபிடிக்கிற ஊர் இது. சாக்கடைச் சுவரைத் தட்டிப் பார்க்க மட்டும் தயங்குவானேன்?