வானத்துக் கண் யார் பக்கம் பார்க்கும்?

வானில் சுற்றும் செயற்கைக்கோள் எடுத்தனுப்பும் படங்களைக் கொண்டு நிலத்தையும் பயிரையும் காட்டையும் அளக்கிற தொலையுணர்வு விஞ்ஞானம் இன்று நமது கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் தனி நிறுவனமே உண்டு. இத்துறை மாணவர்களுக்கு உலகளாவிய அமைப்புகளும் மாநாடுகளும் இருக்கின்றன. நமது பிள்ளைகளிலும் பலர் அவற்றில் தலைமைக்கு வர விரும்புகிறார்கள். வரட்டும், மகிழ்ச்சியே!

ஆனால் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கும், ஆனைமலைத் தோப்பில் தேங்காய் பொறுக்கும் பெண்ணுக்கும் இதனால் என்ன வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த மாணவர் தலைவர்களே.

நிலத்தை அளப்பவன் கையில்தான் நிலத்தில் உழைப்பவனின் தலைவிதி எப்போதும் இருந்து வந்திருக்கிறது. 1794-ல் சென்னைக் கோட்டையில் எட்டு மாணவர்களுடன் ஒரு சர்வே பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அனாதை விடுதிப் பிள்ளைகளை எடுத்து அளவை வேலை சொல்லிக் கொடுத்தார்கள். கல்வி மீது கொண்ட காதலாலா? இல்லை. கும்பினியாருக்கு வரி வேண்டும். வரி போட நிலத்தை அளக்க வேண்டும். அளக்க மலிவான கைகள் வேண்டும். அந்தப் பள்ளிக்கூடம்தான் பிற்பாடு கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

1802-ல் பரங்கிமலை அருகே லாம்டன் துரை சங்கிலி போட்டு அளவையைத் தொடங்கினார். துரையின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சங்கிலி இழுத்தவனின் பெயர் எங்கே?

அதே அளவைத் துறையில் இன்னொரு மாணவனும் இருந்தான். கல்கத்தா இந்துக் கல்லூரியில் படித்த ராதாநாத் சிக்தார், இருபது வயது நிறையுமுன் 1831-ல் கணக்காளராகச் சேர்ந்தார். இமயத்தின் பதினைந்தாம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்று 1852-ல் கணக்கிட்டவர் அவரே. சிகரத்துக்கு எவரெஸ்ட் துரையின் பெயரை வைத்துக்கொண்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை இது: 1843-ல் டேராடூன் மாஜிஸ்திரேட், சர்வே கூலிகளைத் தன் சாமான் சுமக்க வெட்டி வேலைக்குப் பிடித்தார். சிக்தார் குறுக்கே நின்று எதிர்த்தார். அதற்காக 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இத்துறையின் மாணவர்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் இவரைவிட வேறு யாரைத் தேட வேண்டும்? சிகரத்தை அளக்கத் தெரிந்தவருக்குச் சுமை தூக்கியவனின் முதுகும் தெரிந்தது!

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படும் பிஷாரடி, ஆனைமலைக்கு மேற்கே பாலக்காட்டுச் சீமையில் கொல்லங்கோட்டில் பிறந்தவர். 1970 வாக்கில் அவர் நடத்திய முதல் சோதனை எது தெரியுமா? கேரளத்துத் தென்னையைத் தின்ற வேர் வாடல் நோயை, ஆகாயத்திலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்துக் கண்டறிந்ததுதான். நோயுற்ற மரத்தின் ஓலை அந்தக் கதிரை வேறு விதமாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியுமுன் படத்தில் தெரியும். ஏழைக் குடியானவனின் மரத்திலிருந்துதான் இந்த விஞ்ஞானம் நம் நாட்டில் பிறந்தது. 1988 மார்ச் 17-ல் நமது முதல் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ். 1-ஏ, சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போயிற்று.

இன்று அதே வேர் வாடல் நோய் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஆனைமலை, பொள்ளாச்சித் தோப்புகளில் புகுந்துவிட்டது. மரங்கள் வெட்டப்படுகின்றன. விழுந்த மரத்தைச் செயற்கைக்கோள் எண்ணும். தோப்புக்காரர் நிவாரணம் கேட்பார். கேட்கட்டும், சிறு விவசாயிக்கு அது நியாயமே. ஆனால் அந்த மரத்தில் ஏறி இறங்கிப் பிழைத்தவன், மட்டை உரித்தவன், கொப்பரைக் களத்தில் காய வைத்தவள், நார் மில்லில் தூசி தின்றவள் எந்தப் படத்தில் விழுகிறார்கள்? மரம் போனால் அவர்கள் கூலியும் போயிற்று. அந்தக் கணக்கை வானத்திலிருந்து எடுக்க முடியாது. நடந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, கேட்டு எழுத வேண்டும்.

காட்டைப் பாருங்கள். காடர், மலசர், முதுவர், புலையர் முதலிய பழங்குடியினர் ஆனைமலைக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. செயற்கைக்கோள் படம் மற்றச் சாட்சியங்களுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்குப் பதிலாக ஆகாது என்று 2012 விதிகள் சொல்கின்றன. ஏன் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது? மரத்தடியில் கிழங்கு எடுப்பவனையும் தேன் எடுப்பவனையும் படம் காட்டாது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் வெறும் பச்சை! குஜராத்தில் படத்தைக் காட்டியே மனுக்களைத் தள்ளினார்கள். அது செல்லாது, மறுபடி விசாரியுங்கள் என்று 2013-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அங்கே நர்மதை மாவட்டத்தில் ஆதிவாசி இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியைக் கையிலெடுத்துத் தங்கள் நிலத்தைத் தாங்களே அளந்தார்கள். அவர்களே இத்துறையின் உண்மையான மாணவர் தலைவர்கள்!

இங்கே 2019 ஆகஸ்டு மழையில் மண் சரிந்து கல்லாறு காடர் குடியிருப்பு வீடிழந்தது. பல போராட்டங்களுக்குப் பின்னரே 2021-ல் தெப்பக்குளமேட்டில் இடம் கிடைத்தது. சரிவைக் காட்டும் வரைபடம் சர்க்காரிடம் இல்லாமலா இரண்டு ஆண்டு ஆயிற்று? படத்தைப் பேச வைக்கும் ஆட்கள் மக்கள் பக்கம் இல்லை, அதுதான் குறை.

உழைப்பவனைக் கண்காணிக்க மட்டும் கருவி சுறுசுறுப்பாக இருக்கிறது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்கு, இடக்குறியிட்ட புகைப்படத்தோடு கைப்பேசியில் வருகை பதிய வேண்டுமென்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் மண் வெட்டியவள் கூலியை இழந்தாள். வானத்துக் கண்ணுக்குக் கடைமடையில் தண்ணீர் வராதது தெரியும். அதைக் கேட்க ஆளில்லை. கூலிக்காரி பத்து நிமிடம் தாமதமானது மட்டும் தெரிய வேண்டுமாம்!

கருவி மேல் குற்றமில்லை. அரிவாள் கதிரையும் அறுக்கும், கையையும் அறுக்கும்.

ஆகவே மாணவர் தலைவர்களே! மாநாட்டு மேடையில் ஆங்கிலத்தில் கட்டுரை படியுங்கள், தவறில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு மாதம் ஆனைமலைக்கு வாருங்கள். வாடிய தோப்போடு வேலை இழந்தவர்களின் பட்டியலையும் வரைபடத்தில் ஏற்றுங்கள். கிராம சபையிலும் காட்டுக் குடியிருப்பிலும் படத்தைத் தமிழில் விரித்துக் காட்டுங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே வரவில்லை என்று குறித்துக் கடைமடைக்காரன் கையில் கொடுங்கள்.

தொழிலாளத் தோழர்களே! உங்கள் பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் தடுக்காதீர்கள். உங்கள் சங்கத்தில் அந்த மாணவர்களைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள், கேள்வி கேளுங்கள். கோள் பறப்பது நம் வரிப் பணத்தில். அது பார்ப்பதை அறியும் உரிமை நமக்கு உண்டு. அன்று சங்கிலி இழுத்தவனின் பேரப்பிள்ளைகள் இன்று வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.