கழுவுந் தொழிலும் கல்லூரி மாணாக்கரும்

எத்தொழிலும் இழிவன்று என்று மேடைதோறும் முழங்குகின்றோம். கட்டுரை எழுதப் புகும் மாணாக்கர் எவரும் இத்தொடரை ஒருமுறையேனும் எழுதாது விட்டிலர். யானும் பன்முறை எழுதி மதிப்பெண் பெற்றுள்ளேன். ஆயின் நம்முள் ஒருவர் வாளியும் துடைப்பமும் ஏந்திக் கூலிக்குப் பிறர் வீட்டு முற்றத்தைக் கழுவப் புறப்படுவாராயின், அவரை எவ்வாறு நோக்குவோம்? அவரே துடைப்பத்தை விடுத்து ஒரு பொறியைத் தூக்கிச் செல்வாராயின் நம் நோக்கு மாறுவது எதனால்? இவ்விரு வினாக்களையும் நம் இதழைப் படிப்பார்முன் வைக்க விரும்புகின்றேன்.

'பிரஷர் வாஷர்' என வழங்கும் அப்பொறியை வண்டி கழுவும் கடைகளில் கண்டிராதார் இலர். குழாய் நீரை உள்வாங்கிப் பம்பினால் அழுத்தி நுண்ணிய துளைவழியே பீச்சுவதே அதன் இயக்கம். வீட்டளவான சிறு பொறி 100 பார் முதல் 130 பார் வரை அழுத்தந் தரும். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தினும் இது ஏறத்தாழ நூறு மடங்கு. நீரோ நிமிடத்திற்கு 5 முதல் 8 லிட்டர் அளவே செலவாகும். 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை மறவாத நமக்கு இச்சிக்கனம் சிறிதன்று. ஜெர்மனியில் ஆல்பிரட் கேர்ஹர் என்பார் ஐரோப்பாவின் முதல் வெந்நீர்க் கழுவுபொறியை 1950 இல் அமைத்தார். அவர் 1959 இல் மறைந்தபின் அவர்தம் மனைவியார் ஐரீன் நிறுவனத்தை ஏற்று நடத்தினார். 1984 இல் எளிதிற் கொண்டுசெல்லத்தக்க சிறு பொறி அந்நிறுவனத்தினின்று வெளிவந்தது. வீட்டார் கைக்கும் இளைஞர் கைக்கும் இத்தொழில் எட்டியது அவ்வகையானே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளிச் சிறுவர் கோடை விடுமுறையில் அண்டை வீட்டாரின் வண்டிப்பாதையையும் மரத் திண்ணையையும் இப்பொறியாற் கழுவிப் பொருளீட்டுவது இயல்பான வழக்கு. புல்வெட்டுதலும் செய்தித்தாள் போடுதலும் போல அதுவும் ஒன்று. அதனால் அவர்தம் குடும்பத்தின் மதிப்புக் குறைந்ததாக எவரும் கருதுவதில்லை.

நம் நாட்டில் இதற்கு இடமில்லை என்பார், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் ஒரு மொட்டைமாடியில் ஏறிப் பார்ப்பாராக. தளமெங்கும் வழுக்கும் பாசி. கைப்பிடிச் சுவரெல்லாம் கறுப்பு. கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் வெள்ளையடிப்பார் பலர். பாசியின்மீது பூசிய வண்ணம் நெடுநாள் நில்லாது உரிந்துபோம். ஆதலின் பூசுமுன் கழுவுதல் வேண்டும். நம் பருவத்தேர்வுகள் முடிந்து விடுமுறை பிறக்குங் காலமும் ஏறக்குறைய அதுவே.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பதினெட்டு வயது நிரம்பியவுடன், தாயாரின் சீட்டுப் பணத்தில் பதினோராயிரம் ரூபாய்க்கு ஒரு பொறி வாங்கி இத்தொழிலைத் தொடங்கினார். "பட்டம் படிக்க அனுப்பினால் ஊரார் வீட்டுப் பாசி சுரண்டுகிறாயா?" என்று தந்தையார் ஒரு திங்கள் வரை முகங்கொடுத்துப் பேசவில்லை. அது கிடக்க. அவர் கூறிய செய்திகளுள் என் நெஞ்சில் தைத்தது வேறொன்று. அழுக்குச் சட்டையுடன் வாயிலில் நின்றபோது, "பின்பக்கமா வாப்பா" என்றாராம் ஒரு வீட்டுக்காரர். பொறியை இறக்கி, தாம் இன்ன கல்லூரியில் இன்ன வகுப்பிற் பயில்வதாகக் கூறியபின், "உள்ள வாங்க தம்பி, காபி சாப்பிடுறீங்களா?" என்றாராம். தமிழ் பயிலும் நமக்கு ஒருமை பன்மை மயக்கம் புதிதன்று. ஆயினும் ஐந்து நிமிடத்திற்குள் ஓர் ஒருமை பன்மையாக மாறியதற்கு இலக்கண நூல் எதுவும் விதி கூறவில்லை. தளமும் பாசியும் அவையே. கழுவ வந்தவரும் அவரே.

சங்கப் பாடல்களில் ஆடை வெளுப்பவள் 'புலைத்தி' எனப்படுகின்றாள். அவள் தோய்த்த ஆடையின் தூய்மையைப் புலவர் வியந்து பாடியுள்ளனர். பின்னாளில் அச்சொல்லின் வழிவந்த சொற்கள் வசையாயின. பெரிய புராணம் காஞ்சிபுரத்து வண்ணாரான திருக்குறிப்புத் தொண்டரை நாயன்மாருள் ஒருவராகப் போற்றுகின்றது. போற்றிய நாட்டிலேயே அவர் மரபினர் பலர் தெருக்கோடியில் நின்றனர். தூய்மையை விரும்பியும் தூய்மை செய்வாரை வெறுத்தும் பழகிய நாடு இது. தீண்டாமையை ஒழித்த நம் அரசியலமைப்பின் 17 ஆம் உறுப்பு நடைமுறைக்கு வந்ததும், முன்சொன்ன வெந்நீர்ப் பொறி பிறந்ததும் ஒரே ஆண்டில், 1950 இல். பொறி உலகெங்கும் பரவிவிட்டது.

ஆகவே மாணாக்கர் இத்தொழிலிற் புகுவதை யான் மனமார வரவேற்கின்றேன்; ஆயினும் பொறிக்குக் கிடைக்கும் மதிப்பைத் தமக்குரியதெனக் கொள்வாரை வரவேற்க மாட்டேன். முகநூலில் விளம்பரஞ் செய்து, கைப்பேசியில் வேலை பிடித்து, பொறியை வேறொருவர் கையிற் கொடுத்துத் தாம் நிழலில் நிற்பாரும் உளர். அவர் கொடுக்கும் கூலி, துடைப்பத்திற்குக் கொடுத்த பழைய கூலியே. முதல் ஓராண்டேனும் பீச்சுகுழலைத் தாமே பிடித்தல் வேண்டும் என்பது என் துணிபு. இஃது அறத்திற்காக மட்டும் கூறியதன்று. தொழிலறிவிற்கும் வேறு வழியில்லை. சிவப்பு நிறமுடைய 0 பாகை நுனி ஊசிபோற் பாயும்; வெள்ளை நிறமுடைய 40 பாகை நுனி விசிறிபோல் விரியும். சிமெந்துத் தளம் தாங்குவதைப் பழைய சுண்ணாம்புக் காரை தாங்காது. செங்கல்லின் இடைச்சாந்து பெயரும். மரத்தின் நார் எழும்பும். கோயிற் சுவர்களில் மணலை வேகமாக அடித்துத் துலக்கியதால் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்தமை குறித்து அறிஞர் வருந்தியதை நம் துறையினர் அறிவர். விரைந்து கழுவுவாரினும் எங்கே கழுவலாகாது என்று அறிந்தவரே தொழிலாளி. அவ்வறிவைத் துடைப்பம் பிடித்த கைகளே நெடுங்காலம் பெற்றிருந்தன என்பதையும் நாம் எண்ணுவதில்லை.

அச்சுறுத்தும் கூறுகளும் உள. பீச்சும் நீர் தோலைத் துளைக்கவல்லது. வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும் காயம் உள்ளே தசையைச் சிதைத்திருக்கும். அந்நிலையில் கட்டுப்போட்டுக்கொண்டு காத்திராது உடனே அறுவை மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். நீரும் மின்சாரமும் ஒருங்கிருக்கும் தொழிலாதலின், மின்கசிவைத் துண்டிக்கும் கருவியின்றிப் பொறியை இயக்கலாகாது. பதினெட்டு நிரம்பாதார்க்கு வேறோர் இடரும் உண்டு. 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி இளவர் ஒப்பந்தஞ் செய்யும் தகுதியுடையரல்லர். அவர் செய்த உடன்பாடு செல்லாதென்று 1903 இல் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பளித்தது. ஆகவே பள்ளிச் சிறுவர் பெற்றோர் பெயராலேயே வேலையை ஏற்பது நன்று.

கழிவுநீர்த் தொட்டி வேலையை எத்துணைப் பணந் தரினும் மறுத்தல் வேண்டும். காப்புக் கருவிகளின்றி மனிதரை அதனுள் இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னும், நச்சுக்காற்றால் மாண்டவர் செய்தி நாளிதழில் வாராது நின்றதில்லை. "நீங்க இறங்க வேண்டாம் தம்பி, ஒரு ஆளைப் பிடிச்சு இறக்குங்க" என்று நண்பரிடம் ஒருவர் சொன்னாராம். அந்த 'ஆள்' யார் என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

இரண்டாம் ஆண்டில் வேலை பெருகவே, நண்பர் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். நகராட்சித் துப்புரவுப் பணியில் இருந்தாரின் மகன் அவர்; நண்பரினும் இரண்டு வயது மூத்தவர். ஒரு வீட்டில் நண்பருக்குக் கூடத்தில் எவர்சில்வர் டம்ளரிலும், துணைவருக்கு வாயிற்படியில் காகிதக் குவளையிலும் காபி வந்தது. அன்று முதல் நண்பர் காபி வேண்டா என்று முன்னரே கூறிவிடுகின்றார். பொறிக்குரிய செலவு போக எஞ்சுவதை இருவரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றனர்; ரசீதில் இருவர் பெயரையும் எழுதிக் கொடுக்கின்றனர். சென்ற மார்கழியில் அந்த ரசீதைக் கண்ட இரண்டு வீட்டார் பின்னர் அவர்களை அழைக்கவில்லை. அவ்விரண்டனுள் ஒன்று நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரது இல்லம்.