பெயின்ட் அடித்தால் வெடிப்பு போகாது

வருடாந்தத் திருத்த வேலைக்காகத் தொழிற்சாலையை மூடினால் என்ன நடக்கும் என்பது ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். பெல்ட் மாற்றுவார்கள், பெயாரிங்குக்குக் கிரீஸ் போடுவார்கள், கடைசியில் இயந்திரங்களுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். பார்வைக்கு எல்லாம் புதுசு. அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தவர் யார் என்பதே எமது கேள்வி.

லயத்துச் சுவரில் விழும் வெடிப்பைச் சின்னப்பிள்ளையும் காட்டும். இரும்பில் விழுவது அப்படியல்ல. ரோலரின் கிராங்க், டிரையர் விசிறியின் ஷாப்ட், கொழுந்து வாட்டும் விசிறியின் இறக்கை ஆகியவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் பாரம் ஏறி இறங்குகிறது. வெல்டிங் ஓரத்திலோ போல்ட் துளையிலோ மயிரிழை போல ஒரு வெடிப்பு தொடங்கி, கொஞ்சங் கொஞ்சமாக வளர்கிறது. பல சமயம் உடையும் நாள் வரைக்கும் இயந்திரம் வழக்கம் போலவே ஓடும். உடைந்தால் பக்கத்தில் நிற்பவர் எம்மவர். பிறகு எழுதப்படுவது “தொழிலாளியின் கவனக்குறைவு”.

இந்த மயிரிழையைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. முற்காலத்தில் ரயில் பட்டறைகளில் அச்சுகளை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சுண்ணத்தூள் பூசுவார்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறையாகத் தெரியும். இன்று எண்ணெய்க்குப் பதில் சிவப்புச் சாயம். தேவைப்படுவது மூன்று ஸ்ப்ரே டின்கள்: சுத்தப்படுத்தும் திரவம், சாயம், வெள்ளைத்தூள்.

முதலில் பெயின்ட், கிரீஸ், துரு எல்லாவற்றையும் நீக்கிக் காயவிட வேண்டும். முரட்டுத்தனமாக அரம் போட்டாலோ கிரைண்டர் பிடித்தாலோ இரும்பே இழுபட்டு வெடிப்பின் வாயை மூடிவிடும். பிறகு சாயத்தை அடித்து, பொதுவாகப் பத்து நிமிடமாவது விட வேண்டும். குப்பிவிளக்குத் திரியில் மண்ணெண்ணெய் ஏறுவது போல, சாயம் தானாகவே வெடிப்புக்குள் போகும். மேலே மிஞ்சியதைச் சுத்தத் திரவம் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். திரவத்தை நேரே அடித்தால் உள்ளே போன சாயமும் கழுவுப்பட்டுவிடும். கடைசியாக வெள்ளைத்தூளை மெல்லிதாக அடித்துவிட்டுக் காத்திருந்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும்.

எல்லாவற்றையும் இது காட்டாது. மேற்பரப்பில் வாய் திறந்த வெடிப்பு மட்டுமே தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. சொரசொரப்பான வார்ப்பிரும்பில் எங்கும் சாயம் பிடித்துக் குழப்பும். டின்னில் இருப்பவை தீப்பற்றக் கூடியவை, அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பார்க்கிறவரின் கண்ணும் அவருக்குக் கிடைக்கும் நேரமும் இன்னும் முக்கியம். 1989 ஜூலை 19இல் அமெரிக்காவின் சியூ சிட்டியில் ஒரு டிசி-10 விமானம் விழுந்து, 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வால் எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்ததுதான் காரணம். அந்தத் தட்டை 1988இல் இதே முறையின் இன்னொரு வகையான ஒளிரும் சாயத்தால் பரிசோதித்திருந்தார்கள். அப்போதே ஏறத்தாழ அரை அங்குல வெடிப்பு அதில் இருந்தது. பார்த்தவர் கண்ணில் படவில்லை. விசாரணைச் சபை அந்த ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகவில்லை. மனிதரின் கண்ணுக்கும் கவனத்துக்கும் எல்லை உண்டு என்பதைப் பரிசோதனை ஏற்பாடு கணக்கில் எடுக்கவில்லை என்றது. விமானக் கம்பனியிலேயே இந்த நிலை என்றால், மங்கலான பல்ப் வெளிச்சத்தில், “நாளைக்குக் கொழுந்து வருது, சீக்கிரம் முடி” என்ற அவசரத்தில் எமது பிட்டர் என்ன பார்ப்பார்?

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலன், தூக்கு இயந்திரம் போன்றவற்றைத் தகுதியானவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. சுழலும் பாகங்களுக்கும் அந்த அக்கறை வேண்டும் என்கிறோம். பெயின்ட் அடிக்கும் முன்பே சாயப் பரிசோதனை நடக்க வேண்டும். பயிற்சி பெற்றவர், நல்ல வெளிச்சத்தில், போதிய நேரம் எடுத்துச் செய்ய வேண்டும். எந்தப் பாகம், எந்தத் திகதி, என்ன தெரிந்தது என்ற பதிவைத் தோட்டக் கமிட்டிக்குக் காட்ட வேண்டும். சிவப்புக் கோடு தெரிந்த பாகம், சரிபார்த்து முடியும்வரை ஓடக் கூடாது; அந்த நாட்களுக்கு ஸ்டோர் ஆட்களின் பேர் வெட்டப்படவும் கூடாது.

தொழிற்சாலை மூடும் திகதி தெரிந்தவுடனே தோட்டத் தலைவர்மார் இதை எழுத்தில் துரையிடம் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.