அயல்நாட்டில் வாங்கும் பேனா

அயல்நாடு சென்று திரும்பும் நம்மவர் சிலருடைய பெட்டியில், வாசனைத் தைலத்தோடும் மிட்டாயோடும் ஒரு மைப் பேனாவும் இருக்கக் காண்கிறோம். ஜப்பான் சென்றவர் எனில் சொல்ல வேண்டுவதில்லை. 1911-இல் குரே நகரில் செய்லர், 1918-இல் பைலட், 1919-இல் பிளாட்டினம் என அங்கே தோன்றிய மூன்று நிறுவனங்களும் இன்றளவும் பேனா செய்துவருகின்றன. அரக்குப் பூசி, ஈரம் காயுமுன் பொன்துகள் தூவி ஓவியம் தீட்டும் ‘மகி-எ’ என்னும் கலையைப் பேனாவின் மேல் ஏற்றியவர்களும் அந்நாட்டவரே.

சில பேனாக்கள் ஒரு கடைக்கென்றே தனி நிறத்தில் செய்யப்படுகின்றன. சிலவற்றின் உடலில் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். ‘இன்று விட்டால் இனிக் கிடைக்காது’ என்ற எண்ணம் அங்கேதான் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் எழுதப் போவது எண் அன்று, முள்ளே ஆகும்.

ஆகவே முள்ளை மையில் தோய்த்து எழுதிப் பார்த்த பின்னரே விலை பேசுதல் வேண்டும். வெறுங்கோடு கிழித்துப் பார்ப்பது போதாது; ‘ணை’, ‘ஞ’, ‘ழ’ ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். நம் எழுத்துக்கள் சுழிகள் மிக்கவை. முள் தடித்திருந்தால், சிறிய எழுத்தில் சுழியின் கண் மையால் அடைபட்டுப் போகும். ஜப்பானியரின் மெல்லிய முள் ஐரோப்பியருடையதைவிடப் பொதுவாக நுண்ணியது. தமிழுக்கு நன்கு பொருந்தும். பொன்முள்ளில் 585 என்றிருப்பின் அது 14 காரட். 750 எனில் 18. 875 எனில் 21.

விமானம் மேலேறும்போது உள்ளே காற்றழுத்தம் குறையும். பேனாவில் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். ஆதலின் மையை முழுதும் நிரப்பியோ, அறவே நீக்கியோ, முள் மேல்நோக்க வைத்துக்கொள்க. சுங்கத்தில் காட்ட விலைச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

2009-இல் மான்ட்பிளாங்க் நிறுவனம் காந்தியடிகளின் பெயரால் 241 பேனாக்கள் செய்தது. தண்டி யாத்திரையின் மைல் கணக்கே அவ்வெண். ஒன்றின் விலையோ பதினோரு லட்சம் ரூபாய்க்கு மேல்! கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. 2010-இல் இந்தியாவில் அதன் விற்பனை நின்றது. அடிகள் எழுதி மகிழ்ந்த பேனா வேறு. இராஜமுந்திரியில் செய்த இரத்தினம் பேனாவைப் பெற்று, அயல்நாட்டுப் பேனாவுக்கு அது ஏற்ற மாற்று என்று 1935-இல் கடிதம் எழுதினார்.

எழுதாத பேனாவில் மை உறைந்து போகும். வேற்று மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளிற் பலர்க்குப் பள்ளியில் தமிழ் எழுதும் வாய்ப்பு இல்லை. அவர்கள் கையும் அவ்வாறே உறைந்து போகும். அரிய பேனாவைப் பேழையில் பூட்டாமல் அவர்களிடம் கொடுங்கள். ஊரிலுள்ள பாட்டிக்கு நாலு வரி எழுதச் சொல்லுங்கள். முள் சற்றுத் தேய்ந்தாலும், கொடுத்த விலை வீண்போகாது.